மறைத்துப் போடும் மாத்திரை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் குடிநோய் சிகிச்சைப் பிரிவு ஆலோசகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வட்டி என்று எல்லாம் பேசுகிறோம். ஆனால் வீட்டுக்குள்ளேயே அமுக்கி வைக்கிற விஷயம் ஒன்று இருக்கு. இன்று அதைப் பேசப் போகிறேன். யாரும் தலை குனிய வேண்டாம். இது உயிர் சம்பந்தப்பட்டது.

எங்களிடம் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன ஒருவருடைய மனைவி, இரண்டு மாதம் கழித்து என்னைத் தேடி வந்தார். "அக்கா, அவரு இப்ப குடிக்கிறதே இல்ல. ஆனா சட்டைப் பையில இது இருந்துச்சு. கேட்டா சத்து மாத்திரைங்கிறாரு" என்று ஒரு அட்டையைக் காட்டினார். பார்த்தால் சில்டெனாஃபில். வயாகரா என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே மருந்துதான். அந்த மனுஷன் நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் வைத்திருந்தார். எனக்குப் பகீரென்றது.

ஏன் தெரியுமா? இரண்டு மாத்திரையுமே ரத்தக் குழாயை விரிக்கும். ஒன்றாகச் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரம், தடாலாஃபில் என்ற மாத்திரை போட்டால் 48 மணி நேரம், நெஞ்சு வலிக்கான அந்த மாத்திரையை வைக்கக் கூடாது. அந்த நேரத்தில் நெஞ்சு வலி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன மாத்திரை போட்டார் என்பதை முதலில் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

சரி, அவர் ஏன் அதை வாங்கினார்? வருஷக் கணக்காகக் குடித்தால் நரம்பு கெடும், ஈரல் கெடும், ஆண் சுரப்பும் குறையும். பீடி, சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் மோசம். பெங்களூரு மருத்துவர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், குடிநோய் சிகிச்சைக்குச் சேர்ந்த 100 ஆண்களில் 72 பேருக்குத் தாம்பத்திய உறவில் ஏதாவது ஒரு குறை இருந்தது. போதையில் இருந்தவரைக்கும் இது பெரிதாகத் தெரியாது. தெளிந்த பிறகுதான் உறைக்கும். உடனே, "குடிய விட்டதாலதான் எனக்கு இப்படி ஆச்சு" என்று நினைத்து, சிகிச்சை மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடியும் டாஸ்மாக்குக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மை நேர் எதிர். குடியை விட்டால் பலருக்குச் சில மாதங்களில் இது சரியாகி வருகிறது. சரியாகாவிட்டால் வைத்தியம் இருக்கு. சில மனநல மாத்திரைகளாலும் இந்தக் குறை வரலாம். டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். நாமாக நிறுத்தக் கூடாது.

சில்டெனாஃபில் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. இருதயம், ரத்த அழுத்தம் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் நல்ல மருந்துதான். சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்குவதுதான் தப்பு. லாட்ஜில் தங்கி லேகியம் விற்கிறவர்களிடமும் போக வேண்டாம். மூலிகை என்று விற்றதில் இதே மருந்தைக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கு.

இன்னொன்று. தன்னால் முடியவில்லை என்ற தாழ்வு, சிலருக்கு மனைவி மேல் சந்தேகமாக மாறும். "நீ யாரோட பேசின?" என்று ஆரம்பித்து அடிதடியில் முடியும். சகோதரிகளே, அவருடைய குறைக்கு நீங்கள் காரணம் இல்லை. அந்தச் சந்தேகமும் நோயின் ஒரு பகுதி, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் நோய் என்று சொல்லி அடியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். 181-க்குப் போன் பண்ணுங்கள்.

அந்த அண்ணனைக் கூப்பிட்டு டாக்டரிடம் தனியாகப் பேச வைத்தோம். வெளியே வந்தவர், "குடிச்சதக்கூடச் சொல்லிட்டேன், இதச் சொல்ல முடியல" என்று கண் கலங்கினார். டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, இருதயப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

வீட்டில் இப்படி ஏதாவது அட்டை கண்ணில் பட்டால் சண்டை போடாதீர்கள், நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள். அந்த அட்டையையும், அவர் போடுகிற மற்ற மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். சந்தேகம் இருந்தால் 104-ல் கேளுங்கள். குடியை நிறுத்தினது பாதிக் கிணறுதான், மீதியையும் தாண்ட வைப்போம்.