தாளைப் பார்த்து வாசித்தவர்



நம் சங்க விழாவில் பேச எனக்கு 'புலம்பெயர்ந்த மண்ணில் தமிழ்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தலைப்புக்கு நான் வந்து சேர்வேன். அதற்கு முன் ஒரு டிரம்பெட் கலைஞரின் கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் தமிழர் இல்லை, ஜமைக்காக்காரர். லெஸ்லி தாம்சன் என்று பெயர். நம்மைப் போலவே கடல் கடந்து இந்த லண்டனுக்குப் பிழைக்க வந்தவர். நமக்கு ஒரு தலைமுறைக்கும் முன்னால் வந்தவர்.

1901-இல் கிங்ஸ்டனில் பிறந்தார். ஆல்ஃபா என்று அங்கே ஒரு பள்ளிக்கூடம். 1880-இல் ஜெசி ரிப்போல் என்ற அம்மையார் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கியது; பிறகு கன்னிகாஸ்திரீகள் பொறுப்புக்கு வந்தது. வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாத பையன்களும், அடங்காத பையன்களும் அங்கே போய்ச் சேருவார்கள். தையல், அச்சுக்கோர்ப்பு என்று கைத்தொழில் சொல்லிக்கொடுப்பார்கள். கூடவே ஒரு பேண்டு வாத்தியக் குழுவும் இருந்தது. அந்தக் குழுவிலிருந்து வந்தவர்களின் பெயர்களைச் சொன்னால் இசை கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்: ஜோ ஹாரியட், டிஸ்ஸி ரீஸ், டான் டிரம்மண்ட், ரிக்கோ ரோட்ரிகஸ். இவர்களுக்கெல்லாம் முன்னோடி நம் தாம்சன்.

அந்தப் பள்ளியில் என்ன விசேஷம்? வாத்தியத்தை ஊதக் கற்றுக்கொடுத்தார்கள், சரி. கூடவே தாளில் எழுதியிருக்கும் இசையைப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ஐந்து கோடு, அதன்மேல் புள்ளிகள். பையன் அதைப் பார்த்தால் சுரம் வாயில் வர வேண்டும். பெற்றோர்களே, இந்த ஒரு விஷயத்தை மட்டும் கையில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் இன்று முழுக்கப் பேசப்போகிறேன்.

பதின்ம வயதிலேயே தாம்சன் மேற்கிந்தியப் படைப்பிரிவின் வாத்தியக் குழுவில் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து அவரை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். எங்கே? ஹவுன்ஸ்லோ பக்கம் குடியிருப்பவர்கள் கை தூக்குங்கள். நிறையப் பேர் இருக்கிறீர்கள். விட்டன் வழியாக டிவிக்கன்ஹாம் போகும்போது பழைய மாளிகை ஒன்று தெரியுமே, நெல்லர் ஹால், ராணுவ இசைப்பள்ளி. 2021-இல்தான் ராணுவம் அதைக் காலி செய்தது. உங்களில் எத்தனையோ பேர் வேலைக்குப் போகும் வழியில் தினமும் கடக்கும் அந்த மதிலுக்குள்தான், நூறு வருடம் முன்பு, ஒரு கிங்ஸ்டன் பையன் பயிற்சி முடித்து 1920-இல் வெளியே வந்தான். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன்.

ஊர் திரும்பி ஊமைப்படக் கொட்டகைகளில் வாசித்தார். திரையில் படம் ஓடும், கீழே வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். படம் பேசத் தொடங்கியதும் உலகமெங்கும் அந்தப் பிழைப்புக்கு முடிவு வந்தது. 1929-இல் தாம்சன் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். 1929-ஆம் வருடத்து லண்டன். கறுப்பு மனிதர். சொந்தபந்தம் இல்லை, சங்கம் இல்லை, துறைமுகத்துக்கு வந்து அழைத்துப் போக ஒரு மாமா இல்லை. அந்த மனிதருக்கு எப்படி வேலை கிடைத்தது? அன்றைக்கு லண்டன் நாடக அரங்குகளில் மேடைக்கு முன்னால் பள்ளத்தில் ஒரு வாத்தியக் குழு உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அந்த நாற்காலியில் உடனே இன்னொருவர் உட்கார வேண்டும். ஒத்திகை பார்க்க நேரம் கிடையாது. முன்பின் பாராத தாளை எதிரே வைப்பார்கள். நடத்துநர் கையைத் தூக்குவார். வாசித்தாக வேண்டும்.

தாம்சன் வாசித்தார். அவ்வளவுதான். தாளைப் பார்த்தவுடன் வாசிக்கிற ஒருவரை அந்த நாற்காலி வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரம்பெட் மட்டுமா? டிராம்போன் வாசித்தார், டபுள் பேஸ் வாசித்தார். 1930-லிருந்து 1932 வரை ஸ்பைக் ஹியூஸ் குழுவின் இசைத்தட்டுகளில் இந்த மூன்று வாத்தியங்களையும் வாசித்திருக்கிறார். 1934-இல் அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் ஐரோப்பாவில் இருந்தபோது அமைத்த குழுவில் தாம்சனுக்கு இடம் கிடைத்தது. ஆம்ஸ்ட்ராங்கும் நியூ ஆர்லியன்ஸில் சிறுவர் சீர்திருத்த இல்லத்தின் பேண்டு வாத்தியத்தில் பயிற்சி பெற்றவர்தான். அநாதைப் பள்ளிப் பையன் ஒருவர், சீர்திருத்த இல்லத்துப் பையன் ஒருவர், இரண்டு பேரும் ஒரே ஐரோப்பிய மேடையில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

1936-இல் அவர் ஒரு பெரிய காரியம் செய்தார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்களையும், கார்டிஃப் துறைமுகத்தில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பிள்ளைகளையும் திரட்டி ஒரு ஸ்விங் குழுவை உருவாக்கினார். ஜமைக்காவின் லெஸ்லி ஹட்சின்சன் அதில் இன்னொரு டிரம்பெட். 'ஜைவர்' என்று அவருக்குப் பட்டப்பெயர். குழுவின் முகமாக மேடையில் நின்றவர் கென் ஜான்சன், பிரிட்டிஷ் கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்த நடனக் கலைஞர். பாம்பு போல வளைந்தாடுவதால் 'ஸ்னேக்ஹிப்ஸ்' என்று அழைப்பார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டு அவர் முன்னால் நின்றால் கூட்டம் மயங்கும். பின்னால் நின்று ஒவ்வொருவருக்கும் சுரம் பிரித்துச் சொல்லி, எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று பழக்கியவர் தாம்சன். 1937-இல், குழு வாசிக்க வேண்டிய கேளிக்கை விடுதியோடு போட்ட ஒப்பந்தம் ஜான்சன் பெயரிலும் அவருடைய மேலாளர் பெயரிலும் கையெழுத்தானது. தாம்சன் தான் கட்டிய குழுவை விட்டு வெளியேறினார்.

சங்கம் கட்டியவர்களுக்கு இந்த வலி புரியும். நான் மேலே சொல்லவில்லை.

தாம்சன் போனபின் டிரினிடாடிலிருந்து புதியவர்கள் வந்தார்கள். பார்படோஸில் பிறந்த டேவ் வில்கின்ஸ் டிரம்பெட்டோடு வந்தார். வானொலியில் வாசித்தார்கள், புகழின் உச்சிக்குப் போனார்கள். 1941 மார்ச் 8, சனிக்கிழமை இரவு. லெஸ்டர் சதுக்கத்துக்கும் பிக்கடில்லிக்கும் நடுவே கஃபே டி பாரி என்ற இரவு விடுதி. தரைக்குக் கீழே இருப்பதால் குண்டுவீச்சுக்குப் பாதுகாப்பான இடம் என்று பேர். இந்தக் குழு வாசிக்க, மக்கள் நடனமாடிக்கொண்டிருந்தபோது ஜெர்மானியக் குண்டு உள்ளே விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கென் ஜான்சனுக்கு வயது 26. சாக்சஃபோன் வாசித்த டேவ் வில்லியம்ஸும் போய்விட்டார். வில்கின்ஸ் பிழைத்தார், பிறகு பல வெள்ளையர் குழுக்களில் வாசித்தார். ஜைவர் அதற்கு முன்பே ஜெரால்டோ இசைக்குழுவுக்குப் போயிருந்தார். போர் நடக்கும்போதே தனிக் குழு அமைத்து, 1945-இல் இந்தியா வரைக்கும் போய் வாசித்துவிட்டு வந்தார்.

சரி, இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

கென் ஜான்சன் பிறந்த கயானாவுக்கு, அவர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் போயின. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் சனங்கள் போனார்கள். இன்றைக்கும் அங்கே அவர்கள் வழிவந்தவர்களை 'மதராசி' என்றுதான் சொல்கிறார்கள். பெர்பீஸ் பக்கம் ஆல்பியனில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தப்பு அடிக்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாவில் கேட்ட அதே தப்பு. தீச்சட்டி, வேப்பிலை, சாமி வந்து ஆடுவது, ஒன்றையும் விடவில்லை. மாரியம்மன் தாலாட்டும் பாடுகிறார்கள். நினைத்துப் பாருங்கள், நூற்றைம்பது வருடத்துக்கு மேல் கட்டிக் காத்திருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் பாடுகிறவர்களின் கையில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஆங்கில எழுத்து. ஓசையைக் கேட்டு, ஆங்கில எழுத்தில் குறித்துவைத்து, அப்பாவிடமிருந்து பிள்ளை வாங்கி, அந்தப் பிள்ளையின் பிள்ளை வாங்கி, ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு சொல் தேய்ந்திருக்கிறது. பாடுகிறவருக்குப் பொருள் தெரியாது. கேட்கும் நமக்கு நடுநடுவே ஒரு 'அம்மா', ஒரு 'தாயே' மட்டும் பிடிபடும். தோட்டத்துரை அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்துத் தமிழ் எழுத்தைத் தரவில்லை. அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

போன வருடம் இதே விழாவில், இதே திரைக்குப் பின்னால், ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு தாளைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தாளில் அம்மா ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். வாசி கண்ணம்மா என்றேன். "நான் தினமும் பல்லிக்குப் போவேன். பல்லியில் எனக்கு நிறைய நண்பர்கள் இருக்கிறார்கள்" என்று கணீரென்று வாசித்தாள்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பல்லி என்றால் என்ன என்று கேட்டேன். "ஸ்கூல், தாத்தா" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? அந்தத் தாளில் பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே எழுத்துத்தானே! ல, ள, ழ மூன்றும், ந, ன, ண மூன்றும் அந்த 26 எழுத்துக்குள் எங்கே போய் உட்காரும்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆல்பியன் கோயிலின் நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கம் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும் என்று தோன்றியது.

"ஐயா, நம் மரபே கேள்வி ஞானம்தானே, காதால் கேட்டுத்தானே எல்லாம் வந்தது" என்று சில அப்பாமார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் திருவாவடுதுறைப் பக்கத்துக்காரன். நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் மண். அங்கே யாரும் ஐந்து கோடு போட்டுத் தோடி கற்றுக்கொள்ளவில்லை. குரு வீட்டில் விடியற்காலையில் எழுந்து, அவர் ஊதுவதைக் கேட்டு, அடி வாங்கி, திரும்ப ஊதி வந்த வித்தை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே சுற்றி ஒரு ஊரே இருந்தது. தவறாக ஊதினால் திண்ணையில் வெற்றிலை போடும் பெரியவர் முகத்தைச் சுளிப்பார். கோயிலில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில், நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். காதால் கற்க ஊர் வேண்டும். நம் பிள்ளைக்கு இங்கே அந்த ஊர் எங்கே இருக்கிறது? வாரத்தில் ஒருமுறை அம்மம்மாவோடு வீடியோவில் பத்து நிமிடம். அதுவும் "சாப்பிட்டியா" என்பதோடு முடிந்துவிடுகிறது. ஊரை விட்டு வந்தவனுக்கு எழுத்துத்தான் ஊர்.

தாம்சன் கிங்ஸ்டனிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது அதைத்தான். எழுத்து என்ன செய்யும் என்று நாமே கண்ணால் பார்த்தோம். ஹேமர்ஸ்மித் அரங்கத்துக்கு 2025 மார்ச்சில் நம்மில் பாதிப்பேர் போயிருந்தோம். பண்ணைப்புரத்துக்காரர் எழுதிய சிம்பொனியை, பண்ணைப்புரம் எங்கே இருக்கிறது என்றே அறியாத கலைஞர்கள் வாசித்தார்கள். கண்ணீர் விட்டோம். மறுநாள் வாட்ஸ்அப் முழுக்க அதே பேச்சு. இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்து தாளில் எழுதக் கற்காமல் இருந்திருந்தால் அந்த ராத்திரி உண்டா? தேதியைக் கவனித்தீர்களா? மார்ச் 8. கென் ஜான்சன் இறந்த அதே தேதி. அதே லண்டன்.

தாம்சனின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1942-இல் ராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்து நடனக்கூடங்களில் வாசித்தார். 1954-க்குப் பிறகு டிரம்பெட்டை வைத்துவிட்டு, ஐம்பது வயதைக் கடந்த பிறகு மறுபடியும் படித்து, சிறைவாசிகளுக்கு உதவும் வேலைக்குப் போனார். 1985-இல், ஜெஃப்ரி கிரீன் என்ற வரலாற்றாளர் துணையோடு, அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்துக் காலமானார். அந்தப் புத்தகம் இருப்பதால்தான் குழுவைக் கட்டியவர் யார் என்று இன்று நான் இங்கே நின்று சொல்ல முடிகிறது.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எழுத்து வகுப்பு தொடங்குகிறது. பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுக் காரில் உட்கார்ந்திருக்க வேண்டாம். உள்ளே வாருங்கள், உங்களுக்கும் நாற்காலி போட்டிருக்கிறோம். பென்சில் நான் கொண்டுவருகிறேன். போன வருடம் பல்லிக்குப் போன கண்ணம்மா ஆறு மாதமாக வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறாள். அடுத்த நிகழ்ச்சி அவளுடையது. தாளை அவளே எழுதியிருக்கிறாள். வா அம்மா, மைக்கைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன்.