மரபணு ஏட்டின் திறவுகோல்

பெங்களூரில் மல்லேசுவரத்தை அடுத்து மரங்கள் அடர்ந்த வளாகம் ஒன்று உண்டு. 1909-ல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகம் அது. இந்நகரில் குடியேறிய தமிழர்களாகிய நாம் பலரும் அதனை இன்றும் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்றே சொல்லி வருகிறோம். அங்குள்ள மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த பெரும்பணி ஒன்று நம் அனைவருக்கும் உரியது.

மனித உயிரணுவின் கருவினுள் நான்கே எழுத்துக்களால், ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளத்திற்கு, ஒரு மரபு ஏடு எழுதப்பட்டிருக்கிறது. இந்திய மக்களுடைய ஏட்டினை முழுமையாகப் படித்தறிய 2020-ல் 'ஜீனோம் இந்தியா' திட்டம் தொடங்கிற்று. செலவை ஏற்றது மைய அரசாங்கம். உழைத்தவை 20 நிறுவனங்கள். 83 மக்கட் பிரிவினரைச் சேர்ந்த 9,772 பேரின் ஏடுகள் பிழை நீக்கிச் சரிபார்க்கப்பட்டன. 2025 ஜனவரி 9-ஆம் நாள் இவ்விவரங்கள் ஆராய்ச்சியாளர்க்கென வெளியிடப்பட்டன. இரத்த மாதிரிகள் பெங்களூரிலும், படித்தெடுத்த விவரங்கள் பரீதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலும் காக்கப்படுகின்றன.

இதனால் யாருக்கு என்ன நன்மை? அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்துவதற்குச் 'சக்சினைல்கோலின்' என்னும் மருந்தைச் செலுத்துவர். அதன் வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஆனால் அதனைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்க்கு, மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுப் போகும். தென்னாட்டு வைசியரிடையே இக்குறை மிகுந்து காணப்படுவது ஆராய்ச்சியில் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கமே இதற்குக் காரணம். அவ்வழக்கம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் அறிவோம். இத்தகைய செய்திகள் இன்னும் எத்தனை அந்த ஏடுகளில் உறங்குகின்றனவோ! அவற்றைத் தேடிக் காண்பதற்குப் பலருடைய கண்கள் வேண்டும்.

அப்படியாயின் கதவை அகலத் திறந்துவிடலாமே எனத் தோன்றும். 1996-ல் பெர்முடாத் தீவில் கூடிய விஞ்ஞானிகள், படித்த பகுதியை 24 மணி நேரத்திற்குள் உலகறிய வெளியிடுவதென்று முடிவு செய்தனர். 'ஆயிரம் ஜீனோம்' என்ற பன்னாட்டுத் திட்டத்திலே, இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழரின் மரபு விவரங்களும் சேர்ந்துள்ளன. அவற்றை எவரும் எடுத்து ஆராயலாம். கடல் கடந்த தமிழரின் ஏடு இவ்வாறு பொதுவில் விரிந்து கிடக்கிறது.

எனினும் 2013-ல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், பெயர் நீக்கி வெளியிட்ட மரபு விவரங்களை வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டு, உரியவர்களை அடையாளம் கண்டுவிட்டனர். வீட்டுப் பூட்டை மாற்றலாம். மரபணுவை மாற்ற இயலாது. ஒருவர் தந்த இரத்தம் அவருடைய தம்பியின் செய்தியையும், பிறவாத பேரனின் செய்தியையும் சொல்லிவிடும். ஆகவே, விண்ணப்பம் பெற்று, நோக்கத்தை ஆராய்ந்து, நிபந்தனைகளுடன் வழங்கும் இந்நாட்டு முறையை நாம் குறைகூற மாட்டோம்.

ஆனால் காவலன் உறங்கினாலும் கேடு; எவரையுமே உள்ளே விடாவிட்டாலும் கேடு. இது பொதுப் பணத்தில் விளைந்த பொருள். பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு வழி எப்படியும் கிடைத்துவிடும். திருநெல்வேலியில் ஒரு கல்லூரி ஆசிரியர் விண்ணப்பித்தால் எத்தனை நாளில் விடை வரும்? மறுத்தால் காரணம் கூறப்படுமா? கொடுத்தவை எத்தனை, மறுத்தவை எத்தனை என்ற கணக்கு, இரத்தம் தந்த மக்களுக்கும் விளங்கும் மொழிகளில் ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். அம்மொழிகளில் தமிழும் ஒன்று.