காயசண்டிகையும் கண்டி வீதியும்



மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்றொரு பெண் வருகிறாள். வித்தியாதர உலகத்தவள். கணவன் காஞ்சனனோடு பொதிய மலையைக் காண வந்த இடத்தில், ஆற்றங்கரையிலே விருச்சிக முனிவர் தேக்கிலையில் வைத்திருந்த நாவற்கனியைக் காலாற் சிதைத்துவிடுகிறாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் கனி அது. உண்டவருக்குப் பன்னிரண்டு ஆண்டு பசியில்லை. முனிவர் சும்மா இருப்பாரா? அத்தனை காலமும் யானைத்தீ என்னும் பெரும்பசியால் வாடுமாறு சபித்துவிட்டார். எவ்வளவு உண்டும் அடங்காத அந்தப் பசி, மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடி சோற்றில் அடங்கிற்று.

இந்தக் கதையை இருபது வருடமாக வகுப்பிலே சொல்லி வந்தவன் நான். சொல்லும்போது பின்வாங்கில் யாராவது ஒரு மாணவன் என் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பான். நான் காணாதவன்போல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அப்போது என் நிறை 131 கிலோ. நீரிழிவும் சேர்ந்திருந்தது.

கடைசியில் கொழும்பிலே ஒரு வைத்தியசாலையில் இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு கோழிமுட்டை அளவு இடத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைத்துவிடுவார்கள். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்ற வைத்தியர் 1966இல் தொடக்கிவைத்த முறை இது. குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாம். இதன் பெயரிலும் 'பைபாஸ்' என்ற சொல் உண்டு. அங்கேதான் என் பொய் தொடங்கிற்று.

பைபாஸ் என்றதும் ஊரார் இருதயம் என்றே விளங்கிக்கொண்டார்கள். தோடம்பழப் பையோடு பாண்டிருப்பில் என் வீட்டுக்கு வந்தார்கள். "நெஞ்சு நோவு இல்லையே சேர்?" என்று கேட்டார்கள். நானும் நெஞ்சைத் தடவிக்கொண்டேன். இருதய நோயாளி என்றால் மரியாதை. தின்று கொழுத்ததற்காக வயிற்றை வெட்டினான் என்றால் சிரிப்பு. அப்படித்தான் அப்போது எண்ணினேன். இந்த நோய்க்குப் பரம்பரையும் சுரப்புகளும் எவ்வளவு காரணம் என்று வைத்தியர் விளக்கியது காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை.

வீட்டிலே சமாளித்துவிடலாம். பிரயாணத்தில்தான் சோதனை. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு மாணவரைக் கண்டிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. வேன் ஒன்று பிடித்து, விடியப் புறப்பட்டு, அம்பாறை வழியாக மஹியங்கனை போய்ச் சேர்ந்தோம். ஒரு கடையில் பிள்ளைகளெல்லாம் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். நான் மட்டும் ஒதுங்கி நிற்பது அழகில்லை. சோறு இறங்காது என்று தெரியும். குளிர்ச்சியாக ஏதும் குடித்தால் பாதகமில்லை என்று, சீனி நிறையப் போட்ட சர்பத்தை ஒரே இழுப்பில் குடித்துவிட்டேன். இஞ்சி தின்ற குரங்கு என்பார்களே, அப்படி ஆயிற்று.

பதினெட்டு வளைவு ஏறத் தொடங்கியதும் உடம்பெல்லாம் வியர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. கண் இருண்டது. நல்ல இரைப்பை இனிப்பைச் சிறிது சிறிதாகவே குடலுக்கு அனுப்பும். என்னுடையதோ, மடை உடைத்த வாய்க்கால். சீனி மொத்தமாகச் சிறுகுடலில் இறங்க, அதை நீர்க்கச் செய்ய உடம்பின் நீர் அங்கே ஓடுகிறது. இரத்த அழுத்தம் சரிகிறது. சாப்பிட்டு அரை மணிக்குள் இது வரும் என்று எனக்கு எழுதியே தந்திருந்தார்கள்.

சாரதி சாய்ந்தமருதுத் தம்பி. வளைவிலேயே வண்டியை ஓரங்கட்டினார்.

"சேர், மஹியங்கனை ஆஸ்பத்திரிக்குத் திருப்பட்டா? நெஞ்சு ஒப்பரேசன் செஞ்ச ஆள் நீங்க!"

பிள்ளைகள் சிலர் அழத் தொடங்கிவிட்டார்கள். திரும்பினால் போட்டி போய்விடும். மூன்று மாதம் பேச்சுப் பழகிய பிள்ளைகள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. "தம்பி, நெஞ்சு இல்லை. வயிறு. நிறை குறைக்கச் செய்தது. சர்பத் குடித்தது என் பிழை. கொஞ்சம் படுத்தால் மாறும்" என்றேன்.

வேனுக்குள்ளே ஒரு சத்தமில்லை. இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தேன். முக்கால் மணித்தியாலத்தில் படபடப்பு அடங்கிற்று. அப்போது பின்னாலிருந்து ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "சேர், அப்ப உங்களுக்கும் ஒரு பிடிதானா?"

கதையை அவள் மறக்கவில்லை. நான்தான் பாதியோடு நிறுத்தியிருந்தேன். பசி தீர்ந்த காயசண்டிகை நேரே வீடு போய்ச் சேரவில்லை, நேயர்களே. வான்வழியே திரும்புகையில், விந்தமலையைக் காக்கும் விந்தாகடிகை என்பவள் அவளுடைய நிழலைப் பற்றி இழுத்துத் தன் வயிற்றுக்குள் அடக்கிவிட்டாள். பசி தீர்ந்த பிறகும் பாதையிலே ஒரு வயிறு காத்திருந்தது! மிச்ச வளைவுகள் ஏறும்வரை அதைத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

இப்போது வெட்கமில்லாமல் கட்டுச்சாதப் பையோடு பயணம் போகிறேன். அவித்த முட்டை இரண்டு. ஒன்றில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. நாளொன்றுக்கு அறுபது கிராமாவது வேண்டும் என்பது எனக்கிட்ட கட்டளை. அவித்த கடலை, பாணி விடாத எருமைத் தயிர் ஒரு சிறு முட்டி. கடையில் உட்கார்ந்தால் முதலில் மீன், பிறகு மரக்கறி, இடமிருந்தால் கடைசியாகச் சோறு. பாணும் கொத்துரொட்டியும் தொண்டைக்குக் கீழே கட்டியாய் நின்றுவிடும், தொடுவதில்லை. சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை. அரை மணி கழித்து மிடறு மிடறாக. வாழ்நாள் முழுதும் விற்றமின் பி12, இரும்பு, கல்சியம் குளிசைகளும் உண்டு. அவை சட்டைப் பையிலே இருக்கும், பயணப் பெட்டியில் அல்ல. பெட்டி எப்போதும் வேனின் கூரையில்தான் இருக்கிறது.

விருந்துதான் பெரிய கண்டம். எங்கள் பக்கத்தில் வயிறாரத் தின்னாமல் எழும்பினால் வீட்டுக்காரர் மனம் நோகும். கண்டியிலிருந்து திரும்பிய மறுவாரம், மருதமுனையில் என் சக ஆசிரியர் வீட்டுக் கல்யாணம். சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒன்றாய் உண்பது வழக்கம். நான் தயங்கி நின்றேன். அதற்குள் வேன் கதை ஊர் சுற்றி வந்திருந்தது. நண்பர் கையைப் பிடித்து இழுத்துச் சஹனடியில் உட்காரவைத்தார். உள்ளிருந்து அவருடைய உம்மா தேத்தண்ணீர்ச் சோசர் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதிலே ஒரு துண்டு இறைச்சி, ஒரு கரண்டி சோறு.

"மனே, இது காணுமா? கூடிப் போயிட்டா?" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"காணும் உம்மா" என்றேன். சரியான அளவு.