பள்ளிக்கென்று ஒரு காடு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பள்ளிகளுக்குச் சொந்தமாகக் காடு உண்டு. காடு வளர்ப்புக்காகப் பள்ளி நிர்வாகங்கள் நிலம் வைத்துக்கொள்ள அம்மாநிலத்தின் 1927-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. மறு ஆண்டே லயோனா என்ற வடபகுதிச் சிற்றூரின் பள்ளி தன் காட்டைத் தொடங்கிவிட்டது. யோசனையை விதைத்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழக வேளாண் கல்லூரியின் தலைவர் ஹாரி ரஸ்ஸல். ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகள் பொது நிலத்தில் மரம் நடுவதைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

நிலம் கிடைத்த விதம் கசப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வட விஸ்கான்சினின் வெள்ளைப் பைன் காடுகள் வீடு கட்டும் பலகைக்காக வெட்டித் தீர்க்கப்பட்டன. வெட்டியபின் கிடந்த கிளைகளும் சருகும் தீக்கு இரையாயின. 1871 அக்டோபர் 8 அன்று பெஷ்டிகோ வட்டாரத்தில் மூண்ட பெருந்தீயில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். எஞ்சிய நிலத்தில் உழவும் எடுபடவில்லை: எங்கும் அடிக்கட்டைகள், சத்தற்ற மண், குறுகிய கோடை. வரி கட்ட வழியின்றிப் பலர் நிலத்தைக் கைவிட்டுப் போனார்கள். பெரியவர்கள் சுரண்டித் தீர்த்த அந்த நிலத்தில்தான் மாணவர்கள் நாற்று நட்டார்கள்.

நடுவது எளிய வேலை. பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நெருக்கமாக நட்ட செம்பைன் மரங்களை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் இடையிடையே வெட்டிக் கலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு எல்லா மரமும் மெலிந்துபோகும். எதை வெட்டுவது, எதை விடுவது? மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, உயரத்தைக் கோணத்தால் கணித்து, மரத்தின் கன அளவைக் கண்டபின்பே அதற்கு விடை சொல்ல முடியும். முக்கோணவியல் எதற்கு என்று கேட்கும் மாணவன் அங்கே தானாகவே அதைத் தேடிப் போகிறான். கணக்குத் தவறினால் நல்ல மரம் ஒன்று வீழும். தேர்வுத்தாளில் மதிப்பெண் குறைவதைவிட அது பெரிய இழப்பு. தாத்தா நட்ட மரத்தைப் பேரன் அளக்கும் பள்ளியில் காலம் என்பதும் ஒரு பாடமாகிறது.

தொடக்ககால முயற்சிகளில் குறையும் இருந்தது. ஒரே இன மரத்தை வரிசையாக நட்ட தோப்பில் பல்லுயிர் பெருகாது. பிந்தைய தலைமுறை அதை உணர்ந்தது. மரத்தோடு நிற்காமல், மாநிலத்தின் தென்பகுதியில் புல்வெளியை மீட்பதும் இத்தகைய கல்வியில் சேர்ந்தது. மாணவர்கள் இலையுதிர் காலத்தில் நாட்டுப் புற்களின் விதையைச் சேகரித்து, புல்லை மூடும் பக்தார்ன் புதரை வெட்டுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வேலிக்காகக் கொண்டுவரப்பட்ட புதர் அது. நம் சீமைக்கருவேலத்தைப் போலவே, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடியும் தழைக்கும். அதனால் வெட்டிய கையோடு கட்டையில் களைக்கொல்லி தடவ வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் புல்வெளிக்குத் திட்டமிட்டுத் தீ வைப்பதும் உண்டு. புல்லின் உயிர் மண்ணுக்கடியில் இருப்பதால் அது மீண்டும் துளிர்க்கிறது; இளம் புதர்கள் கருகிப் பின்தங்குகின்றன. தீயின் இந்தப் பயனை மேடிசன் நகரின் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் 1940-களில் சோதித்துக் காட்டியவர்களுள் ஒருவர் தாவரவியலாளர் ஜான் கர்டிஸ்.

மேற்பார்வையும் நிதியும் இல்லாத இடத்தில் இத்தகைய கல்வி வெறும் மரம் நடும் விழாவாகச் சுருங்கிவிடும். விஸ்கான்சினில் நிலைத்ததற்குக் காரணம், நிலம் பள்ளியின் பெயரில் இருந்ததே. வனத்துறையின் ஆலோசனை கிடைத்தது. கலைத்த மரத்தை விற்ற பணமும் உதவியது. ஆசிரியர் மாறினாலும் காடு பள்ளியைவிட்டுப் போகவில்லை.

நம் கல்லூரிகளில் பட்டம் பெறுவோரில் சிலர் ஆசிரியராவர். சிலர் ஊராட்சியிலும் கல்வித்துறையிலும் முடிவெடுக்கும் இடத்துக்கு வருவர். ஊர்ப் பள்ளியை ஒட்டிய புறம்போக்கில் ஒரு துண்டையோ ஏரிக்கரையின் ஒரு பகுதியையோ உயர்நிலை வகுப்பு மாணவர்களின் பொறுப்பில் ஒப்படைக்க அவர்கள் முன்வர வேண்டும். ஒப்படைக்கும் கோப்பிலேயே அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பராமரிப்புக்கான ஏற்பாட்டையும் எழுதிவைக்க வேண்டும்.