நீரா, உரமா?
(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். எட்டாம் வகுப்புத் தேர்வில், "பயிர் வளர்ச்சிக்கு அதிகம் உதவுவது நீரா, தழைச்சத்தா?" என்று கேட்டிருந்தேன். நான் எதிர்பார்த்த விடை, நீர். ஒரு மாணவி, "இரண்டும் சேர்ந்தால்தான் பயன், தனித்தனியாகச் சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தாள். மதிப்பெண் போடவில்லை. விடைத்தாளுடன் வந்து நின்றாள். "எங்கப்பா காஞ்ச வயல்ல யூரியா போடமாட்டாரு சார்" என்றாள்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். பயிர், கோதுமை. ரேஷன் கடையில் கிடைக்கும். சில நாளில் முளைக்கும். நேரான இலையை அளவுகோல் வைத்து அளக்கலாம். மார்கழிக் குளிரில் விதைத்தோம்.

உர அளவே நல்ல கணக்குப் பாடமாகிவிட்டது. வட இந்தியப் பாசனக் கோதுமைக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 120 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். எனவே சதுர மீட்டருக்குச் சுமார் 26 கிராம் யூரியா. எங்கள் தொட்டிக்கு ஒரு கிராம்கூட வரவில்லை.

மணல் கலந்த சத்துக் குறைந்த மண்ணில் நான்கு தொட்டிகள். முதலாவதில் குறைந்த நீர், யூரியா இல்லை. இரண்டாவதில் போதிய நீர், யூரியா இல்லை. மூன்றாவதில் குறைந்த நீர், யூரியா உண்டு. நான்காவதில் இரண்டும் உண்டு.

ஐந்தாம் வாரத்தில் முதல் தொட்டி குட்டையாக நின்றது. இரண்டாவது உயரமாக வளர்ந்தாலும் அடியிலைகள் மஞ்சளாயின. மூன்றாவதில் இலை நுனி கருகியது. நான்காவது கரும்பச்சையாகத் தூர் கட்டியது.

இப்போது கவனியுங்கள். முதல், மூன்றாம் தொட்டிகளை மட்டும் ஒப்பிட்டால், யூரியா கெடுதல். இரண்டாவதையும் நான்காவதையும் ஒப்பிட்டால், யூரியா நன்மை. உரம் ஒன்றுதான், நீர் மாறியதும் விடையே மாறிவிட்டது. இதைத்தான் இடைவினை என்கிறோம்.

காரணம் எளிது. தழைச்சத்து நீரில் கரைந்துதான் வேரை அடைகிறது. நீர் போதாதபோது கரைசலின் செறிவு கூடி, வேர் நீரை உறிஞ்சவே சிரமப்படுகிறது. வயலில் இன்னொன்றும் நடக்கும்: உரத்தால் தொடக்கத்தில் இலை பெருகி, மண் ஈரத்தைச் சீக்கிரம் தீர்த்துவிடும், கதிர் முற்றும்போது ஈரமின்றி மணி சுருங்கும். நீர் மிகுந்தாலும் இழப்புதான். நைட்ரேட் வேருக்குக் கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும்.

அதனால்தான் வட இந்தியாவில் விதைத்து சுமார் 21 நாளில், தண்டின் அடியிலிருந்து புது வேர்கள் கிளம்பும் பருவத்தில், முதல் பாசனத்தைத் தவறவிடுவதில்லை. மேலுரத்தையும் அந்தப் பாசனத்தை ஒட்டியே இடுகிறார்கள்.

பசுமைப் புரட்சியிலும் இதே பாடம் உண்டு. பழைய நெட்டை ரகங்களுக்கு நீரும் உரமும் சேர்த்துக் கொடுத்தால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். மெக்சிகோவிலிருந்து வந்த குட்டை ரகங்கள் சாயாமல் தாங்கின. ரகம் என்ற மூன்றாவது காரணியும் சேர்ந்த பிறகே விளைச்சல் உயர்ந்தது.

"ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்று" என்று நாம் கற்பிக்கிறோம். தொடக்கத்திற்கு அது சரி. ஆனால் 1843 முதல் கோதுமைச் சோதனை நடந்துவரும் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், 1919இல் பணியில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், காரணிகளைச் சேர்த்து மாற்றிப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். அவர் சொன்னதை என் மாணவி வயலிலிருந்து அறிந்திருந்தாள்.

அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். வகுப்பு முன்னிலையில் என் கேள்வியையும் திருத்தினேன். உங்கள் பள்ளியிலும் இந்த நான்கு தொட்டிகளை வைத்துப் பாருங்கள். இரண்டு தொட்டிகளோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.