இடிந்த சுவரும் இரண்டு சொற்களும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நூறு ஆண்டுகளைக் கொண்டாடும் வேளையில் இடிந்துபோன ஒரு தேவாலயத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நினைவைப் பேணுவதும் பழைய மாணவிகள் சங்கத்தின் வேலைதானே. எதை, எப்படி நினைவில் வைத்திருப்பது என்ற கேள்விக்கு ஒரு நகரம் தந்த விடையைச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் கொவென்ட்ரி, தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். 1940 நவம்பர் 14 ஆம் திகதி இரவு ஜேர்மன் விமானங்கள் ஏறத்தாழ 11 மணி நேரம் அதன்மீது குண்டு வீசின. 500 இற்கும் அதிகமானோர் மாண்டனர். மத்திய காலத்தில் கட்டப்பட்டு, 1918 இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட புனித மைக்கல் தேவாலயம் எரிந்தது. விடிந்தபோது வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டுமே எஞ்சி நின்றன.

எரிந்த கூரை மரங்கள் இரண்டு குறுக்காக விழுந்து கிடப்பதைக் கண்ட கல்தச்சர் ஒருவர், அவற்றைச் சிலுவையாகக் கட்டி நிறுத்தினார். கூரையின் பழைய ஆணிகள் மூன்றினால் இன்னொரு சிலுவை செய்யப்பட்டது. அவ்வாண்டு நத்தார் தினத்தில் பேராலயத்தின் தலைமைக் குரு றிச்சர்ட் ஹோவர்ட், இடிபாட்டுக்குள் நின்று பி.பி.சி. வானொலியில் பேசினார். போர் முடிந்தபின், பகைவராக இருந்தவர்களோடு சேர்ந்து அன்பான ஓர் உலகைக் கட்ட முயல்வோம் என்பதே அவர் சொன்னதன் சாரம். இறந்தவர்களை ஒன்றாக அடக்கம் செய்து ஐந்து வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதைக் கேட்பது எல்லோருக்கும் இலகுவாக இருந்திருக்காது.

பின்னர் பலிபீடத்துக்குப் பின்னாலுள்ள சுவரில் அவர் இரண்டு சொற்களைப் பொறிப்பித்தார்: "பிதாவே மன்னியும்". சுவிசேஷத்தில் இயேசு சிலுவையில் தொங்கியபடி, தம்மை வதைத்தவர்களை மன்னிக்கும்படி வேண்டுகிறார். சுவரிலோ யாரை என்ற சொல் இல்லை. குண்டு போட்டவரையும் குண்டுக்கு அஞ்சியவரையும் ஒரே வரியில் நிறுத்துகிறது அந்த வெற்றிடம்.

புதிய பேராலயத்துக்கான போட்டியில் 200 இற்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. தெரிவான பசில் ஸ்பென்ஸ், பழைய சுவர்களை அப்படியே விட்டு, அதன் பக்கத்தில் புதியதைக் கட்டினார். 1962 மே 25 அன்று அது அபிஷேகம் செய்யப்பட்டது. உள்ளே நின்று பெரிய கண்ணாடிச் சுவரினூடாகப் பார்த்தால் இடிபாடு தெரியும்.

ஒரு வைத்தியராக இதை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். அழுக்கேறிய ஆழமான காயத்தை உடனே தைத்து மூடமாட்டோம். மூடினால் உள்ளே சீழ் பிடிக்கும். திறந்தே விட்டு, நாள்தோறும் கழுவி மருந்து கட்டுவோம். அது அடியிலிருந்து ஆறிவரும். ஆனால் திறந்து விட்டதோடு வேலை முடிவதில்லை. கவனிக்காவிட்டால் அதுவும் அழுகும். இடிபாடும் அப்படித்தான். கூரையில்லாத சுவரில் மழைநீர் இறங்கும், வெடிப்பு விழும். இடிந்ததை இடிந்தபடியே காப்பதற்கும் பணமும் உழைப்பும் வேண்டும்.

அந்த நகரம் சுவரோடு நிற்கவுமில்லை. 1961 இல் ஜேர்மன் இளைஞர்கள் கொவென்ட்ரிக்கு வந்து, இடிபாட்டின் ஒரு பகுதியைச் சர்வதேச நிலையமாக்க உழைத்தார்கள். 1965 இல் கொவென்ட்ரியிலிருந்து சென்ற இளைஞர்கள், நேச நாடுகளின் குண்டுவீச்சில் 1945 இல் சிதைந்த டிரெஸ்டன் நகரின் ஒரு வைத்தியசாலையை மீளக் கட்ட உதவினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மன்னியுங்கள் என்று கொவென்ட்ரி மக்களுக்கு வெளியிலிருந்து யாரும் கட்டளையிடவில்லை. அவர்கள் தங்கள் இறந்தவர்களை வெளிப்படையாக அடக்கம் செய்தார்கள், அழுதார்கள். இழந்தவர்களே பிறகு அந்தச் சொற்களைத் தெரிந்தெடுத்தார்கள். அழுவதற்கு இடமில்லாதவரிடம் மன்னிப்பை எதிர்பார்ப்பது, காயத்தைக் கழுவாமல் தைப்பது போன்றது.

உலகெங்கும் வாழும் நம்மில் பலர் இடிந்த ஒரு சுவரையோ, ஒரு வீட்டையோ, ஒரு பெயரையோ மனதில் சுமக்கிறோம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். நடந்ததைக் குறைக்காமல் சொல்வோம். வெறுப்பைக் கூட்டாமல் சொல்வோம்.

கொவென்ட்ரி இடிபாட்டில் வெள்ளிக்கிழமைகளில் நண்பகல் 12 மணிக்கு அந்த இரண்டு சொற்களையும் சொல்லிச் செபிக்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கும் சகோதரிகள் ஒருமுறை போய் நின்று பாருங்கள். முடிந்தால் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.