கடல் கடந்து செல்லும் மருத்துவத் தொண்டு

(ரமணாசிரமத்தை அடுத்துள்ள மண்டபத்தில் நடைபெற்ற சங்கத் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியத் தொழிலில் நாள் கழிக்கும் எம்மை மருத்துவத்தைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். நோயும் மருந்தும் யாம் கற்றவை அல்ல. ஆயினும், இன்று நம்முன் நிற்கும் வினா மருந்தைப் பற்றியதன்று, மனத்தைப் பற்றியது. ஆகலின் பேசத் துணிந்தேம். குற்றங் களைந்து குணங் கொள்க.

செய்தி நீவிர் அறிந்ததே. நம் மரபிற் பிறந்து செவிலியர் கல்வி கற்றுத் தேறிய பெண்ணொருத்தி, கிறிஸ்தவ மருத்துவக் குழுவொன்றுடன் ஆப்பிரிக்க நாடொன்றிற்குச் சென்று ஒரு திங்கள் ஊதியமின்றித் தொண்டு புரிய விரும்புகின்றாள். அவள் தந்தையார் சங்கத்தின் கருத்தைக் கேட்டனர். பெரியோர் சிலர் மூன்று தடை கூறினர். மதம் மாற்றிவிடுவர் என்பது ஒன்று. கன்னிப் பெண் கடல் கடந்து சென்று அயலார் உடம்பைத் தீண்டுதல் நம் வழக்கன்று என்பது மற்றொன்று. நம்மூர் ஏழைகள் இருக்கப் பிறநாட்டார்க்கு ஊழியம் ஏன் என்பது மூன்றாவது. இம்மூன்றும் எள்ளி நகைத்தற்குரியன அல்ல. ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

அதற்குமுன் ஒன்றை நினைவூட்டுதல் வேண்டும். நாம் இன்று ஆராயும் இத்தொண்டைப் பெற்றுக்கொண்டவர்கள் நாமே. 1819ஆம் ஆண்டில் ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்க மருத்துவர் கப்பலேறி வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். பின்னர்ச் சென்னைக்கும் வந்தார். அவர்தம் பேர்த்தியே ஐடா ஸ்கடர் அம்மையார். இராணிப்பேட்டையில் 1870இற் பிறந்த அவ்வம்மையார்க்கு, இளமையில் இந்நாட்டில் ஊழியம் புரியும் எண்ணமே இருந்ததில்லை. நோயுற்ற தாயைக் காண அமெரிக்காவினின்று திண்டிவனத்திற்கு வந்திருந்தபொழுது, ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் மகப்பேற்று வேதனையில் இருந்தனர். அம்மையாரின் தந்தையார் மருத்துவர், அவ்வீட்டிலேயே இருந்தார். ஆயினும், ஆடவர் தம் மனைவியைத் தீண்டுதல் ஆகாது, பெண்ணே வரல் வேண்டும் என்று மூவரும் மறுத்துச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபட்டனர்.

அவையோர்களே, வந்தவர் மூவரும் வெவ்வேறு மரபினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் வேறு குலத்து இந்து. மரபு வேறாயினும் மறுமொழி ஒன்றே. மருத்துவர் இல்லாமையால் அப்பெண்கள் மாண்டாரல்லர். கூப்பிடு தொலைவில் மருத்துவர் இருந்தார். அவரை உள்ளே விடாத வழக்கமே அவர்களைக் கொன்றது. அவ்விரவே ஐடா அம்மையாரின் வாழ்வைத் திருப்பியது. மருத்துவம் பயின்று 1900இல் வேலூர்க்கு வந்து, ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தோன்றின. 1960இல் அவர் மறைந்தார். இன்று நம்மூரில் ஒருவர்க்குக் கொடிய நோய் வந்தால், 'வேலூர்க்குக் கொண்டு செல்லுங்கள்' என்றே முதற்கண் சொல்லுகின்றோம். அங்குச் செல்லுங்கால் மருத்துவர் எம்மதத்தினர், செவிலியர் எக்குலத்தினர் என்று நம்முள் எவரேனும் வினவியதுண்டோ?

இனித் தடைகளுக்கு வருவோம். மதமாற்றம் என்னும் அச்சத்தை மூடி மறைத்தல் நேர்மையன்று. அவ்வூழியர்கள் தம் சமயத்தைப் பரப்பும் நோக்கமும் உடையராயிருந்தனர். அதனை அவர்கள் ஒளித்ததுமில்லை. இதற்குச் சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவரின் வரலாற்றை எடுத்துக் காட்டுவாம். இவர் 1822இல் அமெரிக்க நாட்டு மாசச்சூசெற்றிற் பிறந்தவர். 25 வயதில், 1847இல், யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். இடையிற் சில ஆண்டு தாயகம் சென்று மீண்டது நீங்கலாக, 1873 வரை பெரும்பாலும் மானிப்பாயில் இருந்து மருத்துவம் செய்தும் கற்பித்தும் வந்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர்த் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். அதற்கு நூல்கள் இல்லாமையால் தாமே மொழிபெயர்த்தும், தம் மாணாக்கரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்தும் அச்சிட்டார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்' முதலியன வெளிவந்தன. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழிலே தேடுக. கிடையாதாயின் வடமொழியிற் கொள்க. அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசையிற் பெயர்த்துக் கொள்க என்பது அவர் வகுத்த முறை. தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமோ என்று இன்றும் நாம் வாதிட்டுக்கொண்டிருக்கின்றோம். அயல்நாட்டார் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே செய்து காட்டி முடித்தார் என்பதைத் தமிழாசிரியராகிய யாம் எண்ணும்தோறும் நாணமும் நன்றியும் ஒருங்கே அடைகின்றேம்.

அவர் கிறிஸ்தவத்தைப் பரப்ப விரும்பியவரே. ஆயினும், தம் மாணாக்கர் நடையுடையால் ஐரோப்பியராய் மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழராகவே இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். நோயால் தளர்ந்து தாயகம் சென்ற பின்னரும் தமிழ் நூற்பணியை விட்டாரல்லர். 1884இல் மறைந்த அவர் கல்லறையில், தமிழர்க்கு ஊழியம் செய்த மருத்துவர் என்பதே அவர்க்கு அடையாளமாகப் பொறிக்கப்பட்டுளது. அவர் நமக்குத் தந்த மருத்துவத்தையும் மொழித்தொண்டையும் கொண்டோம்; சமயத்தைக் கொள்வதும் விடுவதும் அவரவர் விருப்பாயிற்று. நம்மூர் டேனிஷ் மிஷன் பள்ளியிற் பயின்று, கார்த்திகைத் தீபத்தன்று மலையை நோக்கிக் கைகூப்புவோர் இவ்வவையிலேயே பலர் உளர். பள்ளி மாற்றாத மனத்தை ஒரு திங்கட் பயணம் மாற்றிவிடும் என்று அஞ்சுவோமாயின், ஐயம் பிறர்மேல் உளதன்று. நம் பற்றின் உறுதிமேலேயே உளது.

இரண்டாவது தடைக்கு விடை இவ்விடத்திலேயே இருக்கின்றது. பகவான் ரமணரை நாடி எத்துணை அயல்நாட்டார் இவ்வூர்க்கு வந்தனர்! பால் பிரண்டன் என்பார் 1934இல் வெளியிட்ட நூலைக் கண்டு வந்தோர் பலர். இன்றும் அவர்கள் வெறுங்காலுடன் மலையை வலம் வருவதைக் கண்டு நாம் பெருமை கொள்ளுகின்றோம். அவர்தம் பெற்றோர், 'கடல் கடவாதே. அயல்வழியிற் செல்லாதே' என்று தடுத்திருத்தல் வேண்டும் என்று நாம் சொல்லுவதில்லை. பிறர் மக்கள் நம்மிடம் வருவது உயர்வு, நம் மகள் பிறரிடம் செல்வது இழிவு என்பது எந்நூலில் உள்ள நீதி? தீண்டுதலைப் பற்றியோ, திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து துணைசெய்வோனையும் ஓருறுப்பாக வைத்து எண்ணியிருக்கின்றார். தொடாமல் துணைசெய்வது யாங்ஙனம்?

இவ்விடத்தில் எம் குற்றமொன்றை ஒப்புக்கொள்ளுதல் கடன். பல்லாண்டுகட்கு முன் எம் தமக்கையின் மகள் செவிலியர் கல்வி பயில விரும்பினாள். 'பிறர் அழுக்கைத் துடைக்கும் தொழில் நம் வீட்டுக்கு ஏலாது' என்று தடுத்தவருள் யாமும் ஒருவேம். சில ஆண்டு கழித்து எம் தாயார் இறுதி நோயிற் கிடந்தபோது, ஊர் பேர் அறியாத செவிலிப் பெண்ணொருத்தியே முகஞ் சுளியாது அவரைத் துடைத்து உடைமாற்றினாள். எம் தாயார் அவள் கையைப் பற்றிக்கொண்டே உயிர் நீத்தார். அருகில் நின்ற தமக்கை மகள் ஒருசொல்லும் சொல்லவில்லை. அந்த வாய்பேசாமை இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது. அத்தவற்றை இச்சங்கம் மீண்டும் செய்யலாகாது.

மூன்றாவது தடை, நம்மூர் ஏழைகளைப் பற்றியது. நல்ல வினா. ஆயின், பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் கிரிவலம் வருகின்றனர். நம் சங்கம் தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றது. கால் கொப்புளித்து வழியில் அமர்ந்துவிடும் முதியோர்க்கு மருந்திட நம்முள் எவர் சென்றோம்? சென்ற தீபத்தன்று பந்தலருகில் அப்பணியைச் செய்தவள் இப்பெண் ஒருத்தியே. இங்கு ஊழியம் செய் என்பதை, இங்கு ஊழியம் செய்யாதவர் சொல்லுதல் பொருந்தாது.

எனினும், கண்மூடி அனுப்புக என்று யாம் கூறவில்லை. கிறீன் இருபது ஆண்டுக்கு மேல் தமிழரிடையே வாழ்ந்தார். கொல்லிமலை மக்களுக்கு உழைத்த ஈவ்லின் பிராண்ட் அம்மையார், கணவர் 1929இல் இறந்த பின்னரும் மலைமக்களை மறவாது, 1974இற் காலமாகும் வரை இந்நாட்டிலேயே இருந்தார். இரண்டொரு கிழமைப் பயணம் அத்தகையதன்று. மொழி அறியாது சென்று, மருந்தை வாரிக்கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு மீளும் குழுக்களும் உலகில் உள. அவர்கள் சென்றபின் அந்நோயாளியைப் பார்ப்பவர் யார்? ஆதலின், சில வினாக்களுக்கு விடை பெறுதல் வேண்டும். அங்குள்ள மருத்துவமனை அழைத்ததனாற் செல்லுகின்றனரா? அந்நாட்டு அரசின் இசைவு பெற்றனரா? அவள் கற்ற கல்விக்கு உட்பட்ட பணியையே தருவரா? மொழிபெயர்ப்போர் உளரா? மருந்தைக் கொடையாக எடுத்துச் செல்லின், போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டேனும் பயன்படும் காலம் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறி, அதனைப் பின்பற்றுகின்றனரா? நோயாளியின் குறிப்பேட்டை அங்குள்ளாரிடம் ஒப்படைப்பரா? வழிபாட்டிற் கலத்தல் அவரவர் விருப்பா, கட்டாயமா? இவற்றிற்கு நேரான விடை வருமாயின் அனுப்புக. வாராதாயின் தடுக்க, தடுக்குங்கால் குலத்தின் பெயரால் தடுக்காது, நோயாளியின் நன்மையின் பெயரால் தடுக்க.

விடை நன்றாயின், அவள் பயணச் செலவிற் சங்கமும் ஒரு பகுதியை ஏற்றல் வேண்டும் என்றும், மீண்டு வந்தபின் அவள் இம்மண்டபத்திலேயே நம் பெண்மக்களுக்குத் தான் கண்டவற்றை எடுத்துரைத்தல் வேண்டும் என்றும், வரும் பௌர்ணமி முதல் நம் தண்ணீர்ப் பந்தலில் மருந்துப் பெட்டியொன்றும் இருத்தல் வேண்டும் என்றும் அவையோரை வேண்டுகின்றேம்.

திண்டிவனத்தில் அவ்விரவு கதவைத் தட்டியவர்கள் நம்மவர்கள். திறந்தவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒரு வீட்டார் கதவைத் தட்டும்போது, திறப்பவள் நம் மகளாக இருக்கட்டும்.